டீச்சரம்மா பதில்கள்: தொட்டுப் பார்க்கட்டும், விடுங்கள்

மூன்றிலிருந்து ஆறு வயது வரையிலான குழந்தைகளோடு 28 வருடம் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் சாப்பாடு, தூக்கம், அடம் பற்றித்தான் இருக்கும். இந்த முறை கட்டைப் பிரித்துப் படித்தபோது பல கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருந்தன. குழந்தைக்கு எதையும் தெரிந்துகொள்ளும் ஆர்வம் வர வீட்டில் என்ன செய்யலாம் என்பதுதான் அது. எனக்கு மிகவும் பிடித்த பேச்சு. அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. பெட்டியில் வரும் அறிவியல் விளையாட்டுச் சாமான் ஒன்றை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் பார்த்தான். அப்புறம் அந்த அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்துவிட்டான். நான் வேலைக்குப் போகிறவள். தினமும் புதிதுபுதிதாக ஏற்பாடு செய்ய நேரமில்லை. சுலபமாகச் செய்யக்கூடியது ஏதாவது சொல்லுங்கள் டீச்சரம்மா.

பதில்: முதலில் அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே உட்கார்ந்தால் எவ்வளவு இருட்டு, கத்தினால் குரல் எப்படிக் கேட்கிறது, மூடியைச் சாத்தினால் அம்மா தெரிகிறாளா என்றெல்லாம் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு அவனுக்குத் தேவைப்பட்ட சாமான் அதுதான்.

நேரமில்லாத அம்மாக்களுக்கு நான் முதலில் சொல்வது ஐஸ். இரவு படுக்கும் முன் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் ஓர் இலையையும் அவனுடைய பொம்மைக் காரையும் போட்டு உறைய வைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. மறுநாள் வேலை முடிந்து வந்ததும் அதை ஓர் அகலமான தட்டில் கவிழ்த்து அவன் முன்னால் வையுங்கள். "கார் உள்ளே மாட்டிக்கிச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

என் வகுப்பில் இதை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். குழந்தைகள் தட்டுவார்கள், நக்குவார்கள், வாயால் ஊதுவார்கள், கையை வைத்துவிட்டு "சுடுது" என்று எடுப்பார்கள். குளிரைச் சுடுகிறது என்று சொன்னால் திருத்த வேண்டாம், அந்தக் கைக்கு அப்படித்தான் இருக்கிறது. யாராவது ஒரு பிள்ளை தண்ணீர் ஊற்றிப் பார்க்கும். இன்னொன்று வெயிலில் கொண்டுபோய் வைக்கும்.

ஒருமுறை நான்கரை வயதுப் பெண் ஒருத்தி தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி ஐஸைச் சுற்றினாள். ஏன் என்று கேட்டேன். "சட்டை போட்டா சூடா இருக்கும், சூடா இருந்தா கரைஞ்சிடும்" என்றாள். எவ்வளவு ஒழுங்கான யோசனை பாருங்கள்! தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரே அளவில் இரண்டு ஐஸ் கட்டிகளை எடுத்து, ஒன்றைக் கம்பளியில் சுற்றியும் ஒன்றைத் தட்டில் சும்மாவும் வைத்தோம். எது முதலில் கரையும் என்று எல்லோரையும் கேட்டேன். கிட்டத்தட்ட அத்தனை பேரும் கம்பளி என்றார்கள். விளையாடிவிட்டு வந்து பார்த்தால், தட்டில் இருந்தது தண்ணீராகிக் கிடந்தது. கம்பளிக்குள் இருந்தது பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அந்தப் பெண் சட்டையை முகத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்போ சட்டைக்குச் சூடே கிடையாதா? சூடு என்னோடதா?" என்று கேட்டாள்.

எனக்கு மெய் சிலிர்த்துப் போயிற்று. கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்று, சூடு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதைத் தாமதப்படுத்துகிறது. நாம் போட்டால் நம் உடம்புச் சூடு வெளியே போகாது, ஐஸுக்குப் போட்டால் அறையின் சூடு உள்ளே போகாது. பெரியவர்கள் பலருக்கே இது தெளிவில்லை. ஒரு சின்னப் பெண் தன் சட்டையிலிருந்தே அதைப் பிடித்துவிட்டாள்.

ஐஸில் அடுத்த கட்டமாக ஒரு ஸ்பூன் உப்பு கொடுங்கள். உப்பு பட்ட இடம் குழிகுழியாகும், காதை வைத்தால் மெல்லிய வெடிப்புச் சத்தம் கேட்கும். உப்புத் தண்ணீர் உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும். அதனால்தான் உப்பு விழுந்த இடம் முதலில் இளகுகிறது. அந்தக் குழியில் வண்ணத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டால் நிறம் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு எச்சரிக்கை: உப்பும் ஐஸும் சேர்ந்த கலவை சாதாரண ஐஸைவிடக் குளிர்ந்துவிடும். அதைக் கையில் இறுக்கிப் பிடிக்க விடாதீர்கள், தோல் புண்ணாகும்.

தினமும் புதிது வேண்டாம் அம்மா. ஒரு வாரம் முழுக்க ஐஸே இருக்கட்டும். திங்கட்கிழமை தட்டி உடைத்தவன் வியாழக்கிழமை வேறு எதையோ செய்வான். இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் பிள்ளைகள் நன்றாகக் கவனிக்கிறார்கள். நாம்தான் அதற்குள் சலித்துப்போய் அடுத்ததைத் தேடுகிறோம்.

கேள்வி: என் ஐந்து வயது மகள் ஒரு நாளில் நூறு "ஏன்" கேட்கிறாள். பாதிக்கு எனக்கே பதில் தெரியாது. உடனே போனில் தேடிச் சொல்கிறேன். அது சரியா? (ஒரு அப்பா)

பதில்: தேடிச் சொல்ல வேண்டும் என்ற உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். இது நான் வருத்தத்தோடு கற்றுக்கொண்ட பாடம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் என்னிடம் ஓடி வந்து, "எறும்பு ஏன் வரிசையா போகுது?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியும் என்ற சந்தோஷத்தில், முன்னே போகும் எறும்பு தரையில் ஒரு வாசனையை விட்டுப் போகிறது, பின்னால் வருவது அதை மோப்பம் பிடிக்கிறது என்று முழுசாகச் சொல்லி முடித்தேன். "ஓ" என்றான், போய்விட்டான். அதற்கப்புறம் அவன் எறும்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கொண்டுவந்தது ஒரு கதவு. நான் அதை அவனுக்காகவே திறந்து, உள்ளே போய், திரும்பி வந்து, சாத்தியும் விட்டேன்.

சில வருடம் கழித்து வேறொரு குழந்தை அதே கேள்வியைக் கேட்டாள். இந்தத் தடவை, "தெரியலையே, பார்ப்போமா? நீ என்ன நினைக்கிறே?" என்றேன். "முன்னாடி போறது அம்மா எறும்பு" என்றாள். சரி என்று உட்கார்ந்தோம். ஈர விரலால் வரிசையின் குறுக்கே ஒரு கோடு தேய்த்தோம். வந்த எறும்புகள் அந்த இடத்தில் தயங்கி நின்றன, இங்கும் அங்கும் அலைந்தன, கொஞ்ச நேரத்தில் ஒன்றிரண்டு கடந்து போனதும் வரிசை மறுபடி கூடிவிட்டது. அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு அவள் நகரவில்லை. "தரையிலதான் என்னமோ இருக்கு" என்று அவளே சொன்னாள். அதற்குப் பிறகு வாசனை பற்றி நான் சொன்னபோது, அது அவள் கேட்டு வாங்கிய பதிலாக இருந்தது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவுசெய்து அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதையே 3 விநாடிக்கு நீட்டியபோது குழந்தைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசினார்கள், கேள்விகளும் கூடின. நான் அதைப் படித்த நாளிலிருந்து கேட்டுவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவேன். நீங்களும் எண்ணிப் பாருங்கள். அந்த மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

போன் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டைனோசர் என்ன சாப்பிட்டது என்பதைக் கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது, அதைத் தேடிப் படித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நிழல், ஐஸ், எறும்பு, தண்ணீர் எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன. "நிழல் ஏன் என் கூடவே வருது?" என்று அவள் கேட்டால், காலையில் ஓர் இடத்தில் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள், நிழலின் ஓரத்தையும் வரையுங்கள். உச்சி வேளையிலும் மாலையிலும் அதே பாதக் கோட்டுக்குள் வந்து நிற்கட்டும். நண்பகலில் நிழல் குட்டையாகி, மாலையில் எதிர்ப்பக்கம் நீண்டு கிடக்கும். அடுத்த தடவை வரைவதற்கு முன், "இப்போ எங்கே விழும்?" என்று கேட்டு அவள் நினைக்கிற இடத்தில் ஒரு கல்லை வைக்கச் சொல்லுங்கள். கல் வைத்த குழந்தை மாலையில் தானே உங்களை இழுத்துக்கொண்டு போகும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பேரனுக்கு ஒன்றரை வயது. கையில் கிடைக்கும் எதையும் நாற்காலியிலிருந்து கீழே போடுகிறான். எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடுகிறான். சேட்டையா, கெட்ட பழக்கமா? அவன் அக்காவுக்கு ஆறு வயது, அவளும் இப்போது சேர்ந்துகொண்டாள். (ஒரு பாட்டி)

பதில்: உங்களுக்கு முதுகு வலிக்கும் என்பது புரிகிறது அம்மா. ஆனால் சேட்டை இல்லை. ஸ்பூன் "டங்" என்று விழுகிறது, துணி சத்தமே இல்லாமல் விழுகிறது, பந்து விழுந்து எழுந்து ஓடுகிறது, ஒவ்வொரு தடவையும் பாட்டி குனிகிறார். எப்போதும் கீழேதான் விழுமா, மேலே போகவே போகாதா என்பதை அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. தரையில் ஒரு தடித்த துணியை விரித்து, ஒரு கூடையில் மரக்கரண்டி, துணிப்பந்து, பெரிய இலை, காலி அட்டைக்குழாய் போட்டுக் கொடுங்கள். போடட்டும். சாப்பாட்டுத் தட்டை மட்டும் போடக் கூடாது என்று பிரித்துச் சொல்லலாம், அது மெல்லப் புரியும்.

அக்காவுக்கு வேறு வேலை கொடுங்கள். ஒரே மாதிரி இரண்டு தாள். ஒன்றை அப்படியே விடட்டும், ஒன்றைக் கசக்கி உருண்டையாக்கட்டும். இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து ஒரே சமயத்தில் விடச் சொல்லுங்கள். உருண்டை நேராக விழும், தாள் ஆடி ஆடி வரும். "கசக்கினதும் கனமாயிடுச்சு" என்பாள். அப்படியா என்று கேட்டு, கசக்கியதை விரித்து மறுபடியும் போடச் சொல்லுங்கள். விரித்ததும் கனம் எங்கே போயிற்று என்று அவளே குழம்புவாள். அந்தக் குழப்பத்தோடு ஒரு நாள் இருக்கட்டும். பிறகு, விரிந்த தாளைக் காற்று தடுக்கிறது என்று பேசிக்கொள்ளலாம். காற்றே இல்லாத நிலாவில் 1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் என்ற விண்வெளி வீரர் ஒரு கையில் சுத்தியலும் ஒரு கையில் பருந்தினத்துப் பறவையின் இறகும் வைத்து ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. அந்தப் படம் இப்போதும் பார்க்கக் கிடைக்கிறது. தாளைக் கசக்கிய கையோடு அவளுக்குக் காட்டுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு சோதனையும் செய்து முடித்தால் ஒரு ஸ்டார் ஒட்டுகிறேன், பத்து ஸ்டாருக்கு ஒரு பரிசு. சரிதானே?

பதில்: வேண்டாம். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் படம் வரையப் பிடித்த 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சிலரிடம் முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு எதிர்பாராமல் கொடுத்தார்கள். சிலருக்கு எதுவுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் தாங்களாக வரையும் நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஸ்டார் ஒட்டும் அந்த நேரத்தில் பிள்ளை தான் பார்த்ததை உங்களிடம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை சொல்வதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தன் வார்த்தையை அம்மா எழுதிவைக்கிறாள் என்பது பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: ஐந்து வயதுப் பையன். ஒரே அளவுத் தண்ணீரை ஒல்லியான உயர டம்ளரிலும் அகலக் கிண்ணத்திலும் ஊற்றினால், டம்ளரில்தான் அதிகம் என்று அடித்துச் சொல்கிறான். கண் முன்னே ஊற்றிக் காட்டியும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். அறிவில் ஏதும் குறையா?

பதில்: குறை எதுவும் இல்லை, பயத்தை விடுங்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதே தண்ணீர்ச் சோதனையைத்தான் குழந்தைகளிடம் செய்து பார்த்தார். ஏறக்குறைய ஏழு வயதுக்கு முன்னால் பெரும்பாலான பிள்ளைகள் உங்கள் மகன் சொன்னதைத்தான் சொல்கிறார்கள். உயரம் கண்ணை இழுக்கிறது, அகலத்தையும் சேர்த்து யோசிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். சொல்லிச் சொல்லி மாற்ற முடியாது. மாற்ற வேண்டியதும் இல்லை.

அதற்குப் பதிலாக, ஒரு வாளி, வேறு வேறு அளவில் நான்கைந்து பாட்டில்கள், ஒரு புனல், ஒரு சின்ன டம்ளர் கொடுத்துவிடுங்கள். "இந்தப் பாட்டில் நிறைய எத்தனை டம்ளர் வேணும்?" என்று ஒரே ஒரு கேள்வி. ஊற்றி ஊற்றி எண்ணுவான், சிந்துவான், எண்ணிக்கை மறந்து மறுபடியும் தொடங்குவான். ஒல்லிப் பாட்டிலுக்கும் குண்டுப் பாட்டிலுக்கும் ஒரே எண்ணிக்கை வரும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கேள்வி: நான் மழலையர் பள்ளி ஆசிரியை. ஊதா முட்டைக்கோஸ் சாற்றில் எலுமிச்சை பிழிந்து நிறம் மாறுவதைக் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுநாள் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்கே தவறு?

பதில்: தவறு என்று சொல்ல மாட்டேன், தங்கையே. இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு சோதனைக்குத் தயார் செய்வது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் எலுமிச்சையைப் பிழிந்தது யார்? நீங்கள். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தது யாருக்கு? அதுவும் உங்களுக்கு. பிள்ளைகளுக்கு மிச்சம் இருந்தது கைதட்டல்தான்.

2011-இல் வெளியான ஓர் ஆய்வை நான் சக ஆசிரியைகளிடம் அடிக்கடி சொல்வேன். எலிசபெத் பொனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலிய ஆய்வாளர்கள் குழாய்களால் ஆன ஒரு பொம்மையைச் செய்தார்கள். அதில் நான்கு ரகசியங்கள்: ஒரு குழாயை இழுத்தால் கீச்சிடும், ஒன்றில் விளக்கு எரியும், ஒன்று இசை எழுப்பும், ஒன்றுக்குள் கண்ணாடி இருக்கும். சில குழந்தைகளிடம், "பார், இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று கீச்சொலியை மட்டும் செய்து காட்டினார்கள். வேறு சிலருக்கு முன்னால், தற்செயலாகக் கைபட்டுக் கீச்சிட்டது போல் நடந்துகொண்டார்கள். சொல்லிக்கொடுக்கப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் கீச்சொலியையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். மற்றவர்கள்தான் மிச்ச ரகசியங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். டீச்சர் ஒன்றைக் காட்டினால், அவ்வளவுதான் இருக்கிறது போலும் என்று பிள்ளைகள் நியாயமாகவே முடிவு செய்கிறார்கள்.

அதே கோஸை இப்படிச் செய்து பாருங்கள். இலைகளை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிய சாறு, ஆறியதும், நான்கு பேருக்கு ஒரு தட்டு வீதம் சின்னச் சின்ன மூடிகளில். பக்கத்தில் பெயர் சொல்லாத மூன்று கிண்ணங்கள்: எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா கரைத்த தண்ணீர், வெறும் தண்ணீர். ஆளுக்கு ஒரு சொட்டுக்குழாய். காட்டிக்கொடுக்காமல் விலகி நில்லுங்கள். எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பாகும், சோடா பட்டால் நீலமும் பச்சையும் வரும், வெறும் தண்ணீரில் ஒன்றும் நடக்காது. அந்த "ஒன்றும் நடக்காது" மிகவும் முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். யாராவது ஒருவன் சிவப்பையும் பச்சையையும் ஒன்றாகக் கொட்டுவான். நுரைத்துக்கொண்டு ஊதா திரும்பி வரும். கொட்டியவனைத் திட்டிவிடாதீர்கள், அன்றைய வகுப்பின் பெரிய கண்டுபிடிப்பு அவனுடையதாக இருக்கும். என் வகுப்பில் ஒருமுறை இது முடிந்ததும் ஒரு பிள்ளை எச்சிலை விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டது. ஒரு மூடியை அதற்கென்று தனியாக ஒதுக்கிக் கொடுத்தேன்.

கேள்வி: என் மகள் மண், பசை, ஈரம் எதையும் தொட மாட்டாள். தூரத்தில் நின்று பார்ப்பாள். இவளுக்கு ஆர்வமே இல்லையோ?

பதில்: பார்த்துக்கொண்டு நிற்கிறாளே, அதுவும் ஆர்வம்தான். கட்டாயப்படுத்திக் கையைப் பிடித்து மண்ணில் வைக்காதீர்கள். தூரிகை, இடுக்கி, சொட்டுக்குழாய் என்று அவள் கைக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு கருவியைக் கொடுங்கள். ஒரு நாணயத்தின் மேல் எத்தனை சொட்டுத் தண்ணீர் நிற்கும் என்று சொட்டுக்குழாயால் விட்டுப் பார்க்கட்டும். ஐந்து என்பாள். தண்ணீர் விளிம்பைத் தாண்டி மேடாக எழும்பி, வழியாமல் நின்றுகொண்டே போகும்.

இப்படிப் பார்த்து நிற்கும் பிள்ளைகளுக்கு விதை மிகவும் பொருந்தும். கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் டம்ளரின் உட்புறம் ஈரப் பஞ்சை அடைத்து, இரவு முழுக்க ஊறிய நான்கு அவரை விதைகளைப் பஞ்சுக்கும் டம்ளருக்கும் நடுவில் வெளியே தெரியும்படி சொருகுங்கள். ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக, ஒன்று படுக்கையாக, ஒன்று அவள் இஷ்டம். சில நாட்களில் வேர் முதலில் எட்டிப் பார்க்கும். எப்படி வைத்தாலும் வேர் கீழே திரும்பும். வேர் நன்றாக நீண்ட பிறகு டம்ளரைச் சாய்த்துப் படுக்க வைத்துவிடுங்கள். ஓரிரு நாளில் நுனி வளைந்து மறுபடி கீழே போகும். வேருக்குக் கண் இல்லை, எது கீழ் என்று எப்படித் தெரிகிறது என்று அவள் கேட்பாள். புவியீர்ப்பை வேரின் நுனி உணர்கிறது என்று சொல்லலாம். தினமும் ஒரு படம் வரைந்து வைக்கட்டும். பஞ்சு காய்ந்தால் தண்ணீர் விடும் பொறுப்பும் அவளுக்கே. ஏதாவது ஒரு நாள், தன்னை அறியாமல், விரல் நுனியால் அந்த வேரைத் தொடுவாள்.

கேள்வி: கைகளால் செய்யட்டும் என்கிறீர்கள். எதையெல்லாம் கொடுக்கவே கூடாது?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வட்டமான பட்டன் பேட்டரி வீட்டில் எங்கேயும் கைக்கு எட்டக் கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சின்னச் சின்ன வலுவான காந்தங்களும் அப்படித்தான். இரண்டை விழுங்கினால் குடலின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு நடுவிலுள்ளதை நசுக்கும். காந்தம் காட்ட ஆசை என்றால், வாயில் நுழையாத அளவுக்குப் பெரிதாக ஒன்றே ஒன்று, நூலில் கட்டி. எது ஒட்டும் என்று வீட்டைச் சுற்றி வரட்டும். மின்னுகிற எல்லாம் ஒட்டாது, அலுமினியமும் பித்தளையும் ஏமாற்றும் என்று அதிலேயே தெரிந்துகொள்வார்கள். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகளும் வேண்டாம், வயிற்றுக்குள்ளும் பெருக்கும்.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு, டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக்குழாய்க்குள் நுழைகிற எதையும் கொடுக்காதீர்கள். ஊறிய விதையும் இதில் அடக்கம். தண்ணீர் விளையாட்டின்போது வாளி பக்கத்திலிருந்து ஒரு நிமிடம்கூட எழுந்து போகாதீர்கள். மிகக் குறைந்த தண்ணீரிலும் சின்னக் குழந்தை மூழ்கிவிடும், சத்தமே கேட்காது. விளையாட்டு முடிந்ததும் முதல் வேலை வாளியைக் கவிழ்ப்பது.

கேள்வி: டீச்சர், ஐஸ் ஏன் தண்ணியில மிதக்குது? அது கல்லு மாதிரி கெட்டியா இருக்கே? எனக்கு ஆறு வயசு. (அம்மா எழுதிக் கொடுத்தது)

பதில்: செல்லம், உன் கேள்வியை மூன்று தடவை படித்தேன். கெட்டியாக இருந்தால் மூழ்க வேண்டுமே என்று யோசித்திருக்கிறாய். நல்ல யோசனை. பதிலை நான் இப்போது சொல்லப் போவதில்லை. நீ ஒரு வேலை செய்.

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி வரை தண்ணீர் ஊற்று. கண்ணாடிப் பாட்டில் கூடாது, உடைந்துவிடும். தண்ணீர் எதுவரை இருக்கிறதோ, அங்கே வெளியில் பேனாவால் ஒரு கோடு போடு. அம்மாவிடம் சொல்லி அதை நேராக நிறுத்தி உறைய வை. ஐஸ் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்குமா, கீழே நிற்குமா, கோட்டிலேயே நிற்குமா? பார்ப்பதற்கு முன்னாடியே நீ நினைப்பதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடு. காலையில் எடுத்துப் பார்த்துப் படம் வரை.

அப்புறம் இன்னொன்று. ஒரு டம்ளரில் ஐஸ் கட்டி போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்று, இன்னும் ஒரு சொட்டு விட்டால் வழியும் என்கிற அளவுக்கு. ஐஸ் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அது முழுக்கக் கரைந்ததும் தண்ணீர் வழியுமா, வழியாதா? பக்கத்திலேயே உட்கார்ந்து பார்.

இரண்டு படத்தையும் எனக்கு அனுப்பு. நீ முதலில் என்ன நினைத்தாய் என்று எழுதிய தாளையும் சேர்த்து அனுப்ப வேண்டும், மறந்துவிடாதே. அடுத்த இதழில் உன் படத்தைப் போட்டுவிட்டு, அதை வைத்துக்கொண்டே நாம் பேசலாம்.